பூச்சிக்கும் நாள் பார்க்க வேண்டும்

(சேலம், நாமக்கல் சமவெளி உழவர்களிடையே, கோடை மழைக்கு முன்னதாக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் எதற்கெடுத்தாலும் நாள் பார்க்கிறவர்கள். பெண் பார்க்கப் போக நாள், வாசக்கால் வைக்க நாள், கிணறு வெட்ட நாள், பொன்னேர் பூட்ட நாள். கிழமை சரியில்லை என்றால் பிறந்த வீட்டுக்குப் போன மருமகளைக்கூட ஒரு நாள் தள்ளித்தான் அழைத்து வருகிறோம். ஆனால் பூச்சிமருந்து அடிக்க மட்டும் யாரும் நாள் பார்ப்பதில்லை. காட்டுக்குப் போகிறோம், இலையெல்லாம் சல்லடையாகக் கிடக்கிறது. அந்த நிமிஷமே மருந்துக்கடைக்கு வண்டியைத் திருப்புகிறோம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை டேங்கில் கலக்கிச் சாயங்காலத்துக்குள் அடித்தும் விடுகிறோம். அடித்த நாள் நமக்கு வசதியான நாள்தான். பூச்சியின் கணக்கில் அது எந்த நாள் என்று கேட்டுப் பார்த்ததில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். உழவர்களுக்கு யோசனை சொல்லும் வேலையில் சேர்ந்த புதிது. பி.எச்.சி. பவுடர் ஊரெல்லாம் கிடைத்த காலம் அது. 1997இல்தான் அதைத் தடை செய்தார்கள். ஒரு மேட்டுக்காட்டில் மானாவாரிக் கடலை. செடியில் இலை இல்லை, காம்பு மட்டும் நிற்கிறது. விரல் நீளத்துக்குச் செம்பழுப்புக் கம்பளிப்புழுக்கள் பாத்தி பாத்தியாக நடந்து போகின்றன. நான் மூட்டை மூட்டையாகப் பவுடர் வரவழைத்துத் தூவச் சொன்னேன். சில புழு செத்தது, மீதியெல்லாம் வரப்பைத் தாண்டிப் போய்விட்டது. அந்தக் காட்டுக்காரப் பெரியவர் தலைத்துண்டை எடுத்து உதறிக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க சார், தின்னு முடிச்சுப்போட்டு மண்ணுக்குள்ள போற நேரத்துல பவுடரைப் போட்டு வழியனுப்பி வெக்கறீங்களா?”

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் பூச்சியியல் புத்தகத்தில் நான் படித்துவிட்டு மறந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. அந்தப் புழுவுக்குத் தின்னும் பருவம் முடிந்துவிட்டது. இனி அது கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்கி அடுத்த ஆண்டு மழைவரை தூங்கப் போகிறது. அதை மடக்க வேண்டிய நாள் ஒரு மாதத்துக்கு முன்பே வந்து போய்விட்டது. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்: பூச்சியை வெல்வதில் எந்த மருந்து என்பது இரண்டாவது கேள்வி, எந்த நாள் என்பதே முதல் கேள்வி.

இதை உலகத்தில் மிகுந்த அக்கறையாகக் கவனிக்கிறவர்கள் யார் தெரியுமா? கோல்ப் மைதானத்துப் புல்லைப் பராமரிக்கிறவர்கள். சிரிக்காதீர்கள். நமக்குக் கடலை எப்படியோ அவர்களுக்குப் புல் அப்படி. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் காய்ந்தாலும் பேச்சு வாங்க வேண்டும். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 1916இல் ஒரு நாற்றுப்பண்ணையில் ஜப்பானிய வண்டு என்ற புதுப் பூச்சியைக் கண்டார்கள். அதன் புழு புல்லின் வேரைத் தின்னும். வேர் போன பிறகு அந்தப் புல்லைக் கையால் பிடித்து இழுத்தால் பாயைச் சுருட்டுகிற மாதிரி வரும். புழுவைத் தேடிக் காகமும் மற்ற பிராணிகளும் வந்து தரையையே கிளறிப் போடும்.

ஆரம்பத்தில் அவர்களும் நம்மைப் போலத்தான், புல் காய்ந்த பிறகு மருந்து ஊற்றினார்கள். பிறகு கணக்கு புரிந்தது. வண்டு பறப்பது ஜூன் கடைசியிலும் ஜூலையிலும். ஆகஸ்டில் முட்டை பொரிந்து குட்டிப் புழு மேல்மண்ணில் இருக்கும். சேதம் கண்ணுக்குத் தெரிவது செப்டம்பர், அக்டோபரில். அதற்குள் புழு பருத்துவிடும், மருந்துக்கு லேசில் மசியாது. குளிர் ஏறினால் ஆழத்துக்குப் போய்விடும். ஆகவே புல் பச்சைப்பசேலென்று இருக்கும்போதே, ஒரு சேதமும் தெரியாத நாளில், மருந்து போட வேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். அந்தப் புல்லைத் தாக்கும் கூன்வண்டு ஒன்றும் இருக்கிறது. அதற்கு அவர்கள் காலண்டரைப் பார்ப்பதில்லை. வேலியோரம் நிற்கும் ஃபோர்சித்தியா என்ற செடியின் மஞ்சள் பூ பாதி உதிர்ந்து பாதி தளிர் விட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதுதான் வண்டு வெளியே நடமாடும் நேரம். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆனால் பூவையும் வண்டையும் எழுப்புவது அதே வெயில் என்பதால் இரண்டும் சேர்ந்தே வரும்.

அவர்களுக்குப் பூவும் வெயிலும் கடிகாரம் என்றால், சேர்வராயனுக்கும் கொல்லிமலைக்கும் நடுவே இருக்கும் நமக்கு மழைதான் கடிகாரம். அந்தக் கடிகாரத்தில் மாதம் மாதமாக என்ன மணி அடிக்கிறது என்று பார்ப்போம்.

முதல் மணி சித்திரையில் அடிக்கிறது. இடி இடித்து முதல் கோடை மழை நன்றாக இறங்கி மண் நனைந்த அன்று, அல்லது அடுத்தடுத்த நாளில், இருட்டு கவியும் நேரத்தில் வேப்பமரத்தடியில் போய் நின்று பாருங்கள். ஏழு மணி சுமாருக்குத் தரையிலிருந்து பழுப்பு வண்டுகள் விர்ரென்று கிளம்பி மரத்தில் ஏறும். வேம்பு, வேல மரம், முருங்கை இப்படி எதிலாவது கூடி இலையைத் தின்னும், இணை சேரும். விடிவதற்குள் மண்ணுக்குத் திரும்பிவிடும். போன கார்த்திகை, மார்கழியிலேயே வண்டாகிவிட்டு, மண்ணுக்குள் அசையாமல் இந்த மழைக்காகத்தான் அவை காத்திருந்தன.

இந்த வண்டு போடும் முட்டைதான் ஆடி, ஆவணியில் கடலைக்கும் கரும்புக்கும் வேர்ப்புழுவாக வந்து நிற்கிறது. மோகனூர்ப் பக்கம் கரும்பு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோகை மஞ்சளாகும், பிறகு காயும், தூரைப் பிடித்து ஆட்டினால் அலுங்கும். தோண்டிப் பார்த்தால் வெள்ளையாக, தலை மட்டும் பழுப்பாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். அந்த நேரம் அது மூன்றாம் பருவப் புழு. சாணளவு மண்ணுக்குக் கீழே, தூருக்குள் இருக்கிறது. மேலே ஊற்றுகிற மருந்தில் எத்தனை சொட்டு அதன் மேல் படும்?

ஆகவே வேர்ப்புழுவுக்கு நாள், பயிர் காய்கிற நாள் அல்ல. அது கோடை மழைக்குப் பிந்தைய மூன்று நான்கு மாலைகள். மரத்தடியில் சாக்கையோ பழைய சேலையையோ விரித்து, கிளையை உலுக்கி, விழுகிற வண்டை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போட வேண்டும். காசு செலவில்லை. ஆனால் ஒருவர் மட்டும் செய்தால் பயனில்லை, ஊரே சேர்ந்து செய்ய வேண்டும். அந்த நாட்களைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு, புழு சிறிசாக மேல்மண்ணில் இருக்கும்போது, மண் ஈரமாக இருக்கையில், மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணத்தை மக்கிய எருவோடு கலந்து போடுவது. பூஞ்சணம் ஈரத்தில்தான் வேலை செய்யும். வறண்ட மண்ணில் போட்டுவிட்டு அதைக் குறை சொல்லக் கூடாது.

நடுவே ஒரு எச்சரிக்கை. எருக்குழியைக் கிளறும்போது கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுவைப் பார்த்துவிட்டு, “எருவிலேயே வேர்ப்புழு வந்துருச்சு” என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் தென்னைக் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழு. மட்கிய சாணத்தைத் தின்று வளர்வது, கடலை வேருக்கு வராது. தென்னைக்காக அதைப் பொறுக்கிக் கொல்லுங்கள், சரி. ஆனால் அந்தப் பயத்தில் கடலைக்காட்டுக்கு மருந்து வாங்காதீர்கள்.

இரண்டாவது மணி கம்பளிப்புழுவுக்கு. என்னைத் தலைகுனிய வைத்த புழு இது. மானாவாரிக் கடலைக்கு ஒரு நல்ல மழை பெய்து விதைக்கிறோம் அல்லவா? விதைக்குத் தண்ணீர் கிடைத்த அதே மழையில் மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுவுக்கும் ஈரம் படுகிறது. இரண்டு மூன்று நாளில் அந்துப்பூச்சி வெளியே வரும். வெள்ளை இறக்கை, அதன் முன்விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு. விளக்கைக் கண்டால் பறந்து வரும். ஒரு தாய்ப்பூச்சி இலையின் அடியில் குவியல் குவியலாக நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒன்றைப் பிடித்தால் ஒரு பாத்தியையே காப்பாற்றியதாகக் கணக்கு.

இதற்கு நான்கு படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நாள் வேறு.

முதல் படி, கோடை உழவு. கூட்டுப்புழு வரப்போரத்திலும் மரநிழலிலும் சாணளவு ஆழத்துக்குள்தான் கிடக்கிறது. கோடை மழை ஈரத்தில் உழுதுவிட்டால் அது மேலே வந்து வெயிலில் காயும், இல்லையென்றால் கலப்பைக்குப் பின்னால் நடந்து வரும் காக்கைக்கும் மைனாவுக்கும் கொக்குக்கும் தீனியாகும். அந்த நேரத்தில் பறவையை விரட்டாதீர்கள், அது உங்கள் கூலியாள்.

இரண்டாவது படி, மழைக்குப் பிந்தைய இரவுகள். ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை விளக்குப்பொறி வைக்க வேண்டும், அல்லது காட்டுமுனையில் தீ மூட்ட வேண்டும். மழை பெய்த ஒரு வாரம் கழித்து வைக்கிற விளக்குக்கு அவ்வளவு பலன் இல்லை. அதற்குள் முட்டை போட்டு முடித்திருக்கும்.

மூன்றாவது படி, பொரிந்த குஞ்சுப்புழு. இதை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கடலைச் செடியில் ஓரிரு இலை மட்டும் பச்சையம் சுரண்டப்பட்டு, எண்ணெய்க் காகிதம்போல ஒளி ஊடுருவித் தெரியும். திருப்பினால் அடியில் எள்ளுப் போல நூறு புழு ஒண்டிக்கொண்டிருக்கும். அந்த இலையைக் கிள்ளி ஒரு பையில் போட்டுக்கொண்டே போனால் போதும். இந்தக் கூட்டம் சில நாளில் பிரிந்து காடெங்கும் பரவிவிடும். பிரிவதற்கு முன் ஒரு கிள்ளு, பிரிந்த பிறகு ஒரு டேங்க் மருந்து. புழுவுக்கு நோய் தரும் என்.பி.வி. வைரஸ் கரைசலை அடிக்கிறவர்களும் இந்தக் குஞ்சுப் பருவத்தில், சாயங்கால வேளையில்தான் அடிக்க வேண்டும். வெயில் அந்த வைரஸைக் கெடுத்துவிடும்.

நான்காவது படி, எல்லாம் தவறிப் புழு படையெடுத்து வரும்போது. அப்போது ஓரடி ஆழத்துக்குக் காட்டைச் சுற்றி, சுவர் செங்குத்தாக நிற்கும்படி ஒரு குழி வெட்டி வழிமறிக்கலாம். நான் பவுடர் மூட்டையோடு போய் நின்றது அதற்கும் பிறகு, ஐந்தாவது படியில். அங்கே வழியனுப்பத்தான் முடியும்.

மூன்றாவது மணி மக்காச்சோளத்துக்கு. நாமக்கல் கோழிகள் சாப்பிட வேண்டுமே, அதனால் நம் பக்கம் மக்காச்சோளம் பெருகிவிட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்துச் சிவமொக்காவில் படைப்புழு என்ற அமெரிக்கப் பூச்சியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டார்கள். அதே ஆண்டு அது நம் காடுகளுக்கும் வந்து சேர்ந்தது. சுவாரசியம் என்னவென்றால், இதுவும் கோல்ப் புல்லின் பழைய பகையாளிதான். அங்கே பச்சைப் புல்வெளியை ஒரே ராத்திரியில் பழுப்பாக்குவது போல மேய்ந்துவிடும். ஆனால் அவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. உறைபனியில் அது பிழைக்காது. வடக்கு மாநிலங்களுக்கு அது ஆண்டுதோறும் தெற்கே ஃபுளோரிடா, டெக்சாஸ் பக்கத்திலிருந்து புதிதாகப் பறந்து வர வேண்டும். நமக்கு உறைபனியும் இல்லை, பூச்சிக்கு விடுமுறையும் இல்லை. ஒரு காட்டில் கதிர் முற்றும்போது பக்கத்துக் காட்டில் குருத்து விட்டால், அது இங்கிருந்து அங்கே நடந்தே போகும்.

ஆகவே படைப்புழுவுக்கு நாளைக் குறிப்பது மழை மட்டுமல்ல, நம் விதைப்பும் சேர்ந்துதான். ஒரு பகுதியில் எல்லோரும் ஒரே சமயத்தில் விதைத்தால் அதற்குத் தொடர்ந்து இளங்குருத்து கிடைக்காது. முளைத்த இரண்டாம் வாரத்திலிருந்து வாரம் இருமுறை காட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டும். இலையில் ஊசித்துளை போலவும், சன்னமாகச் சுரண்டிய வெள்ளைத் தடம் போலவும் தெரிவதுதான் முதல் அறிகுறி. புழு பெரிதானால் தலையில் தலைகீழாகக் கவிழ்த்த ‘ஒய்’ எழுத்தும், வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளியும் தெரியும். அதைப் படிக்கிற அளவுக்குப் புழு வளர்ந்துவிட்டால் நாம் தாமதித்துவிட்டோம் என்று பொருள். ஆறு பருவத்தில் கடைசி இரண்டில்தான் அது வயிறு புடைக்கத் தின்கிறது. அப்போது குருத்துக்குள் இறங்கி, மேலே மரத்தூள் போலத் தன் எச்சத்தையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேலே தெளிக்கிற மருந்து அந்த அடைப்போடு நின்றுவிடும். பதினைந்து, இருபதாம் நாளில், காலையிலோ மாலையிலோ, கைத்தெளிப்பானின் முனையைக் குருத்துக்கு நேராகப் பிடித்து அடிக்கிற ஒரு டேங்க், நாற்பதாம் நாளில் அடிக்கிற நாலு டேங்குக்குச் சமம்.

கடைசி மணி மாசி, பங்குனியில். இது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டவர்களுக்கு. இந்த மணி வேறு மாதிரி. இதுவரை ‘முந்துங்கள்’ என்று சொன்னேன். இனி ‘பொறுங்கள்’ என்று சொல்லப் போகிறேன்.

ஜவ்வரிசி ஆலைகளுக்கும் நமக்கும் சோறு போடும் இந்தப் பயிரில் இரண்டு மாவுப்பூச்சிகள் வந்தன. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி முதலாவது. பப்பாளி, மல்பெரி, குச்சிக்கிழங்கு என்று எதையும் விடவில்லை. கள்ளிப்பூச்சி என்று நீங்கள் சொல்வீர்களே, அதுதான். விதவிதமான மருந்து அடித்துப் பார்த்தோம். உடம்பெல்லாம் மெழுகுப் பூச்சு, மருந்து வழுக்கிக்கொண்டு ஓடியது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு சில பருவத்தில் பூச்சி அடங்கிப்போனது. இரண்டாவது, 2020இல் கேரளத்தில் கண்டு பின் சேலம், நாமக்கல்லுக்கு வந்த இளஞ்சிவப்பு நிற மரவள்ளி மாவுப்பூச்சி. அதற்கு ஆண்பூச்சியே தேவையில்லை, பெண் மட்டும் போதும், பெருகிவிடும். நுனி குட்டையாகி, இலை கொத்துக் கொத்தாகச் சுருண்டு, முட்டைக்கோஸ் மாதிரி நிற்கும்.

இது ஆப்பிரிக்காவை 1970களிலேயே பட்டினிக்கு விரட்டிய பூச்சி. ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் அதன் இயற்கை எதிரியைத் தேடச் செய்தார். 1981இல் தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டில் ஒரு குளவி கிடைத்தது. ஆப்பிரிக்கா முழுக்க அதைப் பரப்பியதற்காக 1995இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அதே குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூரு ஆய்வு நிலையம் தருவித்து, வளர்த்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். மார்ச் என்றால் மாசி, பங்குனி. மழை இல்லாமல் மாவுப்பூச்சி பெருகத் தொடங்கும் சமயம். குளவிக்குச் சாப்பாடு கிடைக்கிற நாள் பார்த்துத்தான் அதையும் அனுப்பினார்கள்.

எள்ளை விடச் சிறிய குளவி அது. மாவுப்பூச்சியின் வயிற்றுக்குள் முட்டை வைக்கும். பூச்சி உப்பி, பழுப்பேறி, கூடு மாதிரி ஆகிவிடும். நுனியைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளை மாவுக்கு நடுவே அப்படி உப்பிய பழுப்புக் கூடு தெரிந்தால் அந்தக் காட்டில் வேலையாள் வந்துவிட்டான் என்று பொருள். அன்றைக்கு மருந்து அடித்தால் மெழுகுச் சட்டை போட்ட பூச்சி பிழைத்துக்கொள்ளும், சட்டை இல்லாத குளவி செத்துப்போகும். அந்த நாளில் செய்ய வேண்டியது, கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். அடிக்காமல் இருப்பதற்கும் நாள் பார்க்கத் தெரிய வேண்டும். முந்த வேண்டிய வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. நடுகிற குச்சியில் பூச்சி இல்லையா என்று பார்த்து, நல்ல காட்டிலிருந்து எடுத்து, மருந்துக் கரைசலில் நனைத்து நடுங்கள். பெரும்பாலும் ஊர்விட்டு ஊர் பூச்சியைச் சுமந்து போவது காற்றல்ல, நாம் கட்டிக் கொண்டுபோகிற விதைக்குச்சிக் கட்டுதான்.

முடிக்கிறேன். உங்களிடம் நான் கேட்பது ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டும். பால் கணக்கு எழுதுகிறோம், வட்டிக் கணக்கு எழுதுகிறோம். அதில் மழைக் கணக்கும் எழுதுங்கள். எந்தத் தேதி மழை, மண் எத்தனை விரல் நனைந்தது, வேப்பமரத்துக்கு வண்டு வந்தது எந்த ராத்திரி, விளக்கில் முதல் அந்துப்பூச்சி விழுந்தது எப்போது. மூன்று வருஷம் எழுதினால் உங்கள் காட்டுக்கு நீங்களே ஒரு பஞ்சாங்கம் போட்டுவிடுவீர்கள். கோயம்புத்தூரில் அச்சடித்த எந்தக் கையேடும் உங்கள் மேட்டுக்காட்டுக்கு அதைவிடச் சரியாக இருக்காது.

வானம் மூடிக்கொண்டு வருகிறது. இந்த வாரமோ அடுத்த வாரமோ முதல் மழை இறங்கலாம். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போங்கள். டிவியில் சீரியல் ஓடுகிற நேரம்தான் அது, எனக்கும் தெரியும். சீரியல் நாளைக்கும் வரும். வண்டு மூன்று நான்கு நாளைக்குத்தான் வரும்.